எந்த எலும்பைச் சோதிப்பது? அஸ்கலோனின் பெலிஸ்தர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி: எதிரி எழுதி வைத்த வரலாறு

ஞாயிறு பள்ளிக்குப் போன யாரிடமும் பெலிஸ்தர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கோலியாத்தின் ஆட்கள் என்பார்கள். சிம்சோனின் கண்களைப் பிடுங்கியவர்கள், உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தாகோன் கோயிலில் வைத்தவர்கள், 'விருத்தசேதனம் இல்லாதவர்கள்'. நம் தமிழ் வேதாகமத்தில் இந்தக் கடைசி அடைமொழி ஏறத்தாழ வசவாகவே வரும்.

ஐரோப்பாவில் அந்தப் பெயரே வசவாகிவிட்டது. ஜெர்மனியின் யேனா நகரில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கைகலப்பு, அதில் ஒரு மாணவர் சாவு. அடக்க ஆராதனையில் போதகர் எடுத்துக்கொண்ட வசனம், சிம்சோனே, பெலிஸ்தர் உன்மேல் வந்துவிட்டார்கள் என்பது. அன்று முதல் மாணவர் பேச்சில் படிப்பு வாசனை இல்லாத ஊரானுக்குப் 'பெலிஸ்தன்' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலத்திலும் கலை ரசனை இல்லாதவனுக்கு அதே பெயர்தான். யேனாவை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பெலிஸ்தர் தங்களைப் பற்றி எழுதியது மிக மிகக் குறைவு. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் பக்கத்து மலைநாட்டு இஸ்ரவேலர், அவர்களோடு போரிட்ட எகிப்தியர், அவர்களிடம் கப்பம் வாங்கிய அசீரியர், கடைசியில் அவர்களை அழித்த பாபிலோனியர். நால்வரில் யாரும் நண்பர் இல்லை.

அதற்காக வேதாகமத்தில் இருப்பதெல்லாம் வெறும் வசவு என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் கப்தோரிலிருந்து வந்தவர்கள் என்று ஆமோஸும் எரேமியாவும் சொல்கிறார்கள். கப்தோர் என்பது கிரீட் தீவாக இருக்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. 1 சாமுவேல் 13இல் இஸ்ரவேலில் கொல்லன் இல்லாததால் கொழுவையும் கோடரியையும் தீட்டப் பெலிஸ்தரிடம் போனார்கள் என்று வருகிறது. அடுத்த வசனத்தில் உள்ள 'பீம்' என்ற எபிரெயச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பல நூற்றாண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'அரங்கள்' என்று போட்டிருப்பார்கள், இரும்பை ராவும் அரம். அப்புறம் அகழாய்வுகளில் 'பீம்' என்று எழுத்து வெட்டிய சிறு எடைக்கற்கள் கிடைத்தன. எடை ஏழரை கிராமுக்குச் சற்று மேல், சேக்கல் என்ற பழைய எடையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக, அந்த வசனம் பேசியது அரத்தைப் பற்றியே இல்லை. தீட்டுகூலியைப் பற்றி. மண்ணுக்குள்ளிருந்து வந்த ஒரு சின்னக் கல் வசனத்தைத் தெளிவாக்கிவிட்டது.

இங்கே பதிவு செய்வது 1985 முதல் 2019 வரை நடந்த ஒரு தொடர் நிகழ்வு. இடம், இஸ்ரேலின் மத்தியதரைக்கடல் கரையில் உள்ள அஸ்கலோன். நடத்தியது லியோன் லெவி அகழாய்வுத் திட்டம். வேலை செய்தவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். பார்க்க வேண்டியது அவர்கள் எடுத்த முடிவுகளைத்தான்.

தொடங்கும்போது கையில் இருந்தது

பெலிஸ்தரின் ஐந்து நகரங்கள் காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத். அவர்கள் வந்த காலத்துக்கு முக்கியச் சான்று எகிப்தில், மெதினெத் ஹபு கோயில் சுவரில் இருக்கிறது. மூன்றாம் ராம்சேஸ் தன் எட்டாம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.மு. 1175இல், கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் வந்த கூட்டத்தாரை முறியடித்ததாக அதில் பொறித்திருக்கிறான். அவர்களில் ஒரு பிரிவு 'பெலெசெத்'. இறகு செருகியது போன்ற தலைப்பாகையோடு, மாட்டுவண்டியில் பெண்களும் பிள்ளைகளும் இருக்க வருகிறார்கள்.

இறந்த பெலிஸ்தர் எங்கே என்ற கேள்விக்குத்தான் உருப்படியான பதில் இல்லை. 1920களின் கடைசியில் பிரிட்டிஷ் அகழாய்வாளர் ஒருவர் தெற்கே தோண்டிய சில கல்லறைகளுக்குப் 'பெலிஸ்தப் பிரபுக்களின் கல்லறைகள்' என்று பெயரே வைத்துவிட்டார். பெத்செயானில் கிடைத்த, மனித முகம் வைத்த களிமண் சவப்பெட்டிகளையும் வெகுகாலம் பெலிஸ்தருடையவை என்றார்கள். சுவரில் பார்த்த தலைப்பாகை சில மூடிகளிலும் இருந்தது, அதுதான் காரணம். 1970களில் காசாவுக்குத் தெற்கே தெய்ர் எல்-பலாவில் அதே வகைச் சவப்பெட்டிகளைத் தோண்டியபோது, அது எகிப்திய ஆட்சியின் வழக்கம் என்று தெரிந்துவிட்டது. ஒட்டிய சீட்டைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

இப்படி ஒரு முறை கை சுட்டவர்களின் அடுத்த தலைமுறைதான் அஸ்கலோனுக்கு வந்தது. அவர்கள் கொஞ்சம் அளவுக்கு மீறியே எச்சரிக்கையாக இருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேட்டுக்குள் இருபத்தெட்டு ஆண்டுகள்

பழைய அஸ்கலோன் ஏறக்குறைய 60 ஹெக்டேர். கடலைப் பார்த்து, வில்லை வளைத்து வைத்தாற்போல் மண்கோட்டை. அதற்குள் அந்நாட்டின் பழைய மக்களான கானானியர், பெலிஸ்தர், பினீசியர், கிரேக்கர், ரோமர், இஸ்லாமிய ஆட்சி, சிலுவைப் போர்க்காரர் என்று அடுக்கடுக்காகக் குடியிருப்பு. கோடைகளில் மாணவர்களும் தன்னார்வலர்களும் வந்து தோண்டினார்கள்.

கி.மு. 12ஆம் நூற்றாண்டு அடுக்கு வந்தபோது வீட்டுச் சாமான்கள் ஒரேயடியாக மாறியிருந்தன. கிரேக்கக் கடல்பகுதிப் பாணியில் கிண்ணங்கள், முதலில் ஒற்றை வண்ணம். அப்புறம் சிவப்பும் கருப்புமாக, கழுத்தைத் திருப்பித் தன் முதுகையே பார்க்கும் பறவை ஓவியம். ஆனால் களிமண் உள்ளூர் மண். சாமான் இறக்குமதி ஆகவில்லை, செய்யத் தெரிந்த கை வந்திருக்கிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சாதாரணப் பொருள். தறியில் பாவு நூல் தளராமல் இருக்கக் கீழே தொங்கவிடும் எடைக்கட்டி. கானானியர் நடுவில் ஓட்டை போட்டுக் கட்டுவார்கள். இங்கே கிடைத்தவை ஓட்டை இல்லாதவை. இடுப்பு சற்று ஒடுங்கிய நூற்கண்டு போன்ற களிமண் உருளைகள், சுடக்கூட இல்லை. நூற்றைம்பதுக்கும் மேல் கிடைத்தன. சில, தறி நின்ற இடத்திலேயே தரையில் வரிசையாகக் கிடந்தன. கிரீட்டிலும் சைப்பிரஸிலும் கிரேக்க நிலப்பகுதியிலும் இதே உருளைகள் உண்டு. அழகான கிண்ணத்தை வியாபாரி வாங்கிக்கொண்டு வரலாம். சுடாத களிமண் கட்டியை யாரும் கப்பலேற்றிக் கொண்டுவர மாட்டார்கள். அதைச் செய்யக் கற்ற ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், அந்த வீட்டில் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

வீட்டு நடுவில் அடுப்புக்குழி, பன்றி எலும்பு கூடியிருப்பது போன்றவையும் இருந்தன. பன்றி எலும்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பன்றி இருந்தால் பெலிஸ்தர், இல்லாவிட்டால் இஸ்ரவேலர் என்று ஒரு காலத்தில் சுலபமாகப் பிரித்தார்கள். பெலிஸ்த நகரங்களைச் சுற்றிய சிற்றூர்களில் பன்றி குறைவு என்பதும், வட இஸ்ரவேலின் சில ஊர்களில் பிற்காலத்தில் பன்றி கணிசம் என்பதும் தெரிந்த பிறகு அந்த வாய்ப்பாடு நிற்கவில்லை.

மற்ற நகரங்களிலும் இதே நேரத்தில் வேலை நடந்தது. எக்ரோனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிவ எண்ணெய்ச் செக்குகள் வெளிவந்தன. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அது கிட்டத்தட்ட ஓர் ஆலை நகரம். பெலிஸ்தர் வாழ்ந்த இடங்களின் விதைகளைப் பார்த்த ஆய்வில், இந்தப் பகுதியில் சீரகம் பயிராகத் தலைகாட்டுவதே பெலிஸ்தர் காலத்தில்தான் என்று தெரிந்தது. 'கலாசாரம் அற்றவர்' என்ற அர்த்தத்தில் இந்தப் பெயரைப் பயன்படுத்தியவர்கள் எக்ரோன் செக்குகளை ஒரு நடை பார்த்திருக்கலாம்.

எல்லாம் சரி, ஆட்கள் எங்கே? இருபத்தெட்டு ஆண்டு தோண்டியும் பெலிஸ்தர் கல்லறை அகப்படவில்லை. பாரசீகர் காலத்தைச் சேர்ந்த நாய்க் கல்லறை அகப்பட்டது. நூற்றுக்கணக்கான நாய்கள், பெரும்பாலும் குட்டிகள், ஒவ்வொன்றையும் தனித்தனியே பக்கவாட்டில் படுக்கவைத்துப் புதைத்திருந்தார்கள். தொல்லியலில் தேடுவது ஒன்று, கிடைப்பது ஒன்று.

2013: மதிலுக்கு வெளியே

இந்தக் கட்டத்தில்தான் முதல் முக்கிய முடிவு. தொல்லியல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் குழுவிடம் ஒரு விஷயம் சொன்னார். 1980களில் வடக்கு மதிலுக்கு வெளியே நடந்த ஒரு சோதிப்பில் புதைகுழிகள் தட்டுப்பட்டதாக அவருக்கு நினைவு. குழுவுக்கு இரண்டு வழிகள். மதிலுக்குள் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வேலையைத் தொடரலாம். அல்லது ஒருவருடைய நினைவை நம்பி வெளியே பணத்தையும் நாளையும் செலவிடலாம். வெளியே சோதனைப் பள்ளம் போடுவது என்று முடிவெடுத்தார்கள். திட்டம் முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் இவ்வளவு தோண்டியும் கல்லறை இல்லையென்றால் அது வெளியேதான் இருந்தாக வேண்டும் என்ற எளிய கணக்கும் இருந்தது.

பொக்லைன் வைத்துப் பள்ளம் போட்டார்கள். மண், மேலும் மண். கைவிடும் நிலைக்கு வந்தபோது ஏறக்குறைய 3 மீட்டர் ஆழத்தில் எலும்புத் துணுக்குகள் போலச் சில வந்தன. பொறுப்பிலிருந்தவர் இயந்திரத்தின் வாளியிலேயே ஏறிக் கீழே இறங்கிப் பார்த்தார். கையில் எடுத்தது மனிதப் பல்.

மூன்று ஆண்டு மௌனம்

கண்டுபிடித்ததும் சொல்லவில்லை. 2013இலிருந்து 2016 ஜூலை வரை, ஒவ்வொரு கோடையும் புதிய தன்னார்வலர்கள் வந்துபோகும் ஓர் இடத்தில், ரகசியம் காத்தார்கள். கல்லறைகளைத் தொடுவதை எதிர்க்கும் அதிதீவிர மரபுவழி யூதக் குழுக்கள் இஸ்ரேலில் உண்டு. எந்தக் காலத்து எலும்பானாலும் அது யூதருடையதாக இருந்துவிடலாம் என்பது அவர்கள் கவலை. மனித எலும்பு என்று தெரிந்தால் போராட்டம், வேலைநிறுத்தம் என்று போன முன்னனுபவம் இருந்தது.

இந்த முடிவு சரியா? வேலையைப் பொறுத்தவரை பலன் கொடுத்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு உடலையும் கிடந்த கிடையிலேயே வெளிக்கொணர்ந்து பதிவு செய்ய முடிந்தது. ஆனால் எலும்புகளின் மேல் தங்களுக்கும் அக்கறை உண்டு என்று நினைப்பவர்களிடம் பேசாமலே முடிந்துபோன வேலை அது. பேசியிருந்தால் பாதியில் நின்றிருக்கலாம் என்பதும் உண்மைதான். என் மனம் இதில் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை.

கல்லறையில் கண்டது

2016 ஜூலை 10 அன்று அறிவித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள், கி.மு. 11ஆம் நூற்றாண்டிலிருந்து 8ஆம் நூற்றாண்டுக்குள்.

பெரும்பாலானவர்களைத் தனித்தனிக் குழியில் நீளப் படுக்கவைத்திருந்தார்கள். சிலரை எரித்துச் சாம்பலைச் சாடியில் வைத்திருந்தார்கள். கல்லை வெட்டி அடுக்கிக் கட்டிய அறைகளும் உண்டு. முகத்தருகே, சில இடங்களில் மூக்கை ஒட்டினாற்போல், வாசனைத் தைலம் வைக்கும் சின்னக் குடுவை. கணுக்காலிலும் கையிலும் வளையம், காதணி, மணிகள். ஓர் ஆணின் இடுப்பருகே அம்புமுனைகள் கொத்தாகக் கிடந்தன. தோல் அம்பறாத்தூணி மக்கிப்போய் முனைகள் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும்.

இதை அதே காலத்து யூதா மலைநாட்டு வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும். அங்கே பாறையைக் குடைந்த குடும்பக் குகை. திண்ணை போன்ற மேடையில் உடலைக் கிடத்துவார்கள். சதை கழிந்ததும் எலும்பை அள்ளி ஒரு மூலைக் குழியில் முன்னோர் எலும்போடு போட்டுவிடுவார்கள். 'தன் பிதாக்களோடே சேர்க்கப்பட்டான்' என்று வேதாகமத்தில் வருவதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே செய்தார்கள். அஸ்கலோனில் அப்படிச் சேர்த்தல் இல்லை. வைத்த இடத்தில் வைத்ததுதான்.

செய்தியாளர்கள் கேட்டது கோலியாத்தைத்தான். ராட்சத எலும்புக்கூடு எதுவும் இல்லை. சொல்லப்போனால் நம் கையிலுள்ள எபிரெய மூலத்தில் கோலியாத்தின் உயரம் ஆறு முழம் ஒரு சாண். அதைவிடப் பழைய சாக்கடல் சுருளில் நான்கு முழம் ஒரு சாண், ஏறக்குறைய இரண்டு மீட்டர். எலும்பு தோண்டும் முன்பே ஏட்டிலேயே ஆள் குட்டையாகத் தொடங்கிவிட்டான்.

'முதல் பெலிஸ்தர் கல்லறை' என்று தலைப்புகள் வந்தன. ஆசோர் போன்ற இடங்களில் பெலிஸ்தர் காலப் புதைகுழிகள் முன்பே கிடைத்திருந்ததால் அந்த 'முதல்' கொஞ்சம் மிகை. ஐந்து நகரங்களில் ஒன்றை ஒட்டிக் கிடைத்த பெரிய கல்லறை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மையமான முடிவு: எந்த எலும்பு?

அடுத்தது மரபணு. எலும்புகள் யேனாவுக்குப் போயின. ஆமாம், அதே யேனா. 'பெலிஸ்தன்' என்ற வசவு பிறந்ததாகச் சொல்லப்படும் ஊரில் இருந்த மாக்ஸ் பிளாங்க் மனித வரலாற்று அறிவியல் நிறுவனத்தில்தான் பெலிஸ்தரின் டிஎன்ஏ படிக்கப்பட்டது. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

இந்த நிகழ்வில் மற்ற எல்லாவற்றையும் விட நான் நிறுத்திப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். கையில் இருநூறு பேருடைய கல்லறை இருக்கிறது. உலகமே அதைப் பார்க்கிறது. அதிலிருந்து மாதிரி எடுத்து 'இதோ பெலிஸ்தரின் மரபணு' என்று அறிவிப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. குழு அதோடு நிற்கவில்லை. மரபணு எடுத்த மூவரும் கி.மு. 10 - 9ஆம் நூற்றாண்டுக்காரர்கள். பெலிஸ்தர் வந்து இறங்கியது 12ஆம் நூற்றாண்டில். நடுவில் ஏழெட்டுத் தலைமுறை ஓடிவிட்டது. வந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அவர்களின் எள்ளுப்பேரர்களுக்கும் பின்னால் பிறந்தவர்களைச் சோதித்தால் பதில் வருமா?

அதனால் மூன்று காலத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெலிஸ்தர் வருவதற்கு முந்தைய வெண்கலக் காலத்தவர், வந்ததை ஒட்டிய காலத்தவர், பிறகு கல்லறைக்காரர்கள். நடுக்காலத்துக்குப் பெரியவர்களின் எலும்பு இல்லை. இருந்தவை ஊருக்குள், வீட்டுத் தரைக்கு அடியில் புதைத்திருந்த சிசுக்கள்.

சிசு என்பது குறையாகத் தோன்றலாம். உண்மையில் அது வாய்ப்பு. பெரியவர் ஒருவரின் எலும்பு கிடைத்தால் அவர் எங்கோ பிறந்து வியாபாரத்துக்கோ கூலிப்படைக்கோ வந்து இங்கே செத்திருக்கலாம். சில மாதக் குழந்தை எங்கிருந்தும் பயணம் செய்து வரவில்லை. அது அந்த வீட்டில் பிறந்தது, தரையைத் தோண்டி அடக்கம் செய்தவர்கள் அதன் குடும்பத்தார். தறி உருளைகள் கிடந்த அதே வகை வீட்டுத் தரை.

வேலை சுலபமாக இல்லை. வெப்பமான கடற்கரை மண் டிஎன்ஏவுக்கு எதிரி. 108 எலும்பு, பல் மாதிரிகளைச் சோதித்ததில் பயன்படும் அளவுக்கு டிஎன்ஏ தந்தவர்கள் பத்துப் பேர். வெண்கலக் காலத்தில் மூவர், சிசுக்கள் நால்வர், கல்லறையில் மூவர்.

முடிவு 2019 ஜூலையில் வெளியானது. வெண்கலக் கால மூவரும் அந்தப் பகுதியின் பழைய மக்கள். சிசுக்கள் நால்வரிடமும் அந்த உள்ளூர் மரபோடு தென் ஐரோப்பியச் சாயல் கலந்திருந்தது. ஆக வந்தது பானை மட்டும் இல்லை, ஆட்களும் வந்திருக்கிறார்கள். ஆமோஸ் சொன்ன 'கப்தோர்' வெறும் கதை இல்லை. ஆனால் கல்லறைக்கார மூவரிடம் அந்தச் சாயலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இருநூறு ஆண்டுக்குள் அது உள்ளூர் இரத்தத்தில் கரைந்துவிட்டது.

கல்லறையை மட்டும் சோதித்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? பெலிஸ்தர் கானானியரே, கடல் கடந்து வந்த கதை பொய் என்று எழுதியிருப்பார்கள். சிசுக்களை மட்டும் சோதித்திருந்தால், பெலிஸ்தர் ஐரோப்பியர், இஸ்ரவேலருக்கு நடுவில் கலக்காமல் வாழ்ந்த அந்நியர் என்றிருக்கும். இரண்டுக்கும் டிஎன்ஏ ஆதாரம் என்ற முத்திரை விழுந்திருக்கும். இரண்டும் தப்பாக இருந்திருக்கும்.

இங்கே மாறியது வேதாகம வாசிப்பு மட்டும் இல்லை. அகழாய்வாளர்களே நெடுங்காலம் பெலிஸ்தரை ஒரு மூடிய பொட்டலமாகத்தான் பார்த்தார்கள். கப்பலில் வந்த ஒரு கூட்டம், தனக்கென்று ஒரு பானை, ஓர் உணவு, ஓர் இரத்தம், கடைசிவரை அதே. வாடை பிடித்த அந்தப் பொட்டலமும் சேர்ந்துதான் பிரிந்துபோனது.

இரத்தம் போன பிறகும் பெயர் நின்றது

கல்லறைக்காரர்களை யாரும் கானானியர் என்று அழைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அண்டை நாட்டார் கண்ணில் அவர்கள் கடைசிவரை பெலிஸ்தர்தான். இதற்கு எக்ரோனில் 1996இல் கிடைத்த கல்வெட்டு நல்ல சாட்சி. கோயிலுக்குள் ஒரு சுண்ணாம்புக் கல், ஐந்து வரி. எக்ரோனின் அதிபதி, பாதியின் மகன் ஆகீஸ், தன் தேவிக்கு இந்தக் கோயிலைக் கட்டியதாக அது சொல்கிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டு. மொழியும் எழுத்தும் பினீசியத்துக்கும் எபிரெயத்துக்கும் நெருக்கமான உள்ளூர் வகை. 'ஆகீஸ்' மட்டும் வெளியூர்ப் பெயர். பழங்கிரேக்கரைக் குறிக்கும் 'அகாயர்' என்ற சொல்லோடு தொடர்புடையதாகப் பலர் நினைக்கிறார்கள். தாவீதுக்கு அடைக்கலம் கொடுத்த காத் அரசனுக்கும் வேதாகமத்தில் இதே பெயர். தேவியின் பெயர் எந்த மொழி என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

மரபணுவில் தடயம் மறைந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் ஓர் அரசன் மகனுக்கு அந்தப் பழைய பெயரைத் தேடி வைத்திருக்கிறான். தாத்தாவின் தாத்தா பேசிய மொழி தெரியாது, ஆனால் பெயர் வேண்டும்.

கி.மு. 604இல் நேபுகாத்நேச்சார் அஸ்கலோனை எரித்தான். எக்ரோனும் அதே சமயத்தை ஒட்டி விழுந்தது. பாபிலோனின் உணவுப் பங்கீட்டுப் பட்டியல் ஒன்றில் அஸ்கலோன் அரசனின் மகன்கள் எண்ணெய் வாங்கிய கணக்கு இருக்கிறது. சிறைப்பட்ட யூதா அரசன் யோயாக்கீன் பெயரும் இதே வகைப் பட்டியலில் வருகிறது. யூதர் திரும்பி வந்தார்கள். பெலிஸ்தர் ஒரு தனி மக்களாகத் திரும்பவில்லை.

தொடர்ந்து நடந்தது

கட்டுரை வெளிவந்த சில நாளிலேயே இஸ்ரேல் பிரதமர் அதைச் சமூக ஊடகத்தில் எடுத்துப் போட்டார். பெலிஸ்தரின் பூர்வீகம் தென் ஐரோப்பா என்று வேதாகமம் சொன்னது உறுதியாகிவிட்டது, அவர்களுக்கும் இன்றைய பாலஸ்தீனருக்கும் தொடர்பில்லை என்பது அவர் வாதம். ஆய்வு இன்றைய மக்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரே ஊரில் மூன்று காலத்துப் பத்துப் பேர், அவ்வளவுதான் அதன் எல்லை. அதன் பாதி முடிவு, வந்தவர்கள் கலந்து கரைந்தார்கள் என்பது, அந்த வாதத்தில் இடமே பெறவில்லை. மறுபக்கத்திலும் இதே போல் வேண்டியதை மட்டும் பொறுக்கிய பதில்கள் வந்தன.

செய்தித் தலைப்புகளும் இதற்கு உதவின. 'பெலிஸ்தர் ஐரோப்பாவிலிருந்து வந்தார்கள்' என்பது தலைப்புக்கு நன்றாக இருக்கும். 'இருநூறு ஆண்டில் கரைந்துபோனார்கள்' என்பது நான்காம் பத்தியில்தான் வந்தது.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

முதலில் எண்ணிக்கை. நான்கு சிசுக்கள் ஒரு நகரத்தின் ஒரு தலைமுறைக்குச் சாட்சி சொல்கிறார்கள். எக்ரோனிலும் காத்திலும் இதே கதைதானா என்று அங்கிருந்து எலும்பு எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. 'தென் ஐரோப்பா' என்பதும் அகலமான சொல். கிரீட், சார்தீனியா, ஐபீரியா என்று பல மாதிரிகள் கணக்கில் பொருந்தின. கிரீட்தான் என்று மரபணு அடித்துச் சொல்லவில்லை. பானையும் தறி உருளையும்தான் நம்மை அந்தத் திசைக்கு இழுக்கின்றன.

இரண்டாவது, அறிவிக்கும் விதம். இரண்டு பாதி உள்ள முடிவை அறிவிக்கும்போது இரண்டாம் பாதியை முதல் வரியிலேயே வைத்திருக்கலாம். அரசியல் சூடு உள்ள இடத்தில் எந்தப் பாதி பறிபோகும் என்று முன்கூட்டியே ஊகிப்பது ஒன்றும் கடினமான காரியம் இல்லை.

மூன்றாவது, 1980களில் புதைகுழி தட்டுப்பட்ட தகவல் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்து, 2013இல்தான் தோண்டியவர்கள் காதுக்கு வந்தது. அது முன்பே அவர்களை எட்டியிருந்தால் கல்லறையைத் தோண்ட மூன்று கோடைக்குப் பதில் முப்பது கிடைத்திருக்கும்.

ஐந்து நகரங்களில் நான்கில் தோண்டியாயிற்று. காசாவின் பழைய மேடு இன்றைய ஊருக்கு அடியில், வீடுகளுக்கும் தெருக்களுக்கும் கீழே கிடக்கிறது. பெலிஸ்தர் அடுக்கு அங்கே எப்படி இருக்கும் என்று சொல்ல நம்மிடம் ஏறக்குறைய எதுவும் இல்லை.